சிபில் மதிப்பெண் குறைந்துவிட்டதா? மீண்டும் வங்கிக் கடன் பெற விவசாயிகள் செய்ய வேண்டியவை

நிலம் சொந்தப் பெயரில் இருக்கும். சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் "சிபில் சரியில்லை" என்ற ஒரே வரியில் கடன் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். சாகுபடிக் காலம் காத்திருக்காது என்பதால், பலர் அன்று மாலையே வட்டிக்குக் கொடுப்பவரிடம் போகிறார்கள். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்றால் 1 லட்சத்துக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய். கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். உரிய காலத்தில் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம், அதாவது 4,000 ரூபாய்தான். இந்த வித்தியாசம் பல விவசாயிகளின் ஒரு போக லாபத்தையே விழுங்கிவிடும். எனவே சிபிலைச் சரிசெய்வதற்குச் செலவிடும் சில மாதங்கள் வீண்போகாது.

சிபில் என்பது என்ன?

நாம் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் பதிவு செய்து மதிப்பெண் தரும் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். பயிர்க்கடன் மட்டுமல்ல, நகைக்கடன், டிராக்டர் கடன், இருசக்கர வாகனத் தவணை, மகளிர் குழுக் கடன் ஆகியவையும் இதில் பதிவாகலாம். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் வரும். உறவினர் கட்டாமல் விட்டாலும் பாதிப்பு உங்களுக்குத்தான்.

முதல் வேலை: அறிக்கையை வாங்கிப் பாருங்கள்

ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பான் எண்ணும் கைபேசி எண்ணும் இருந்தால் அவற்றின் இணையதளத்திலேயே பெறலாம். படித்த பிள்ளைகளின் உதவியோடு ஒவ்வொரு கணக்கையும் பாருங்கள். உங்களுடையது அல்லாத கடன் இருக்கிறதா? கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று நிற்கிறதா?

தவறு இருந்தால் அந்த நிறுவனத்திடமோ கடன் கொடுத்த வங்கியிடமோ ரசீதுகளுடன் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதன்பிறகும் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்கான உதவி எண் 14448.

"தள்ளுபடி" என்ற சொல்லில் ஏமாற வேண்டாம்

அறிக்கையில் "ரிட்டன் ஆஃப்" என்று இருந்தால் பலரும் கடன் தள்ளுபடியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்ளும் மாற்றம் மட்டுமே. நீங்கள் கட்ட வேண்டிய கடன் அப்படியே இருக்கிறது. அரசு அறிவிக்கும் தள்ளுபடி வேறு. 2021-ல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அது கூட்டுறவுக் கடன்களுக்கு மட்டுமே பொருந்தியது. அடுத்த தள்ளுபடி வரும் என்று வணிக வங்கிக் கடனைக் கட்டாமல் வைத்திருந்தால் மதிப்பெண்தான் இறங்கும்.

ஒரே தவணைத் தீர்வா, முழுத் தொகையா?

பழைய கடனுக்கு வங்கிகள் ஒரே தவணைத் தீர்வு முகாம் நடத்துவதுண்டு. வட்டியில் பெரும்பகுதி குறையும். ஆனால் கணக்கு "குளோஸ்டு" என்று முடியாமல் "செட்டில்டு" என்று பதிவாகும். அடுத்த கடன் கொடுப்பவர் அதைக் குறையாகவே பார்ப்பார். தீர்வு செய்த வங்கியிலும் குறிப்பிட்ட காலம் கழித்தே புதுக்கடன் கிடைக்கும். விவசாயக் கடனுக்கு அந்தக் காலத்தை அந்தந்த வங்கியே நிர்ணயிக்கிறது. கையெழுத்திடும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் கட்ட முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால், பாக்கியை அப்படியே வளரவிடுவதைவிடத் தீர்வு மேல்.

எப்படி முடித்தாலும் கடன் இல்லை என்ற சான்றை வாங்கிவிடுங்கள். கட்டி முடித்த 30 நாட்களுக்குள் நில அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. வில்லங்கச் சான்றில் அடமானப் பதிவு நீங்கியதா என்றும் பாருங்கள். அது நீங்காமல் அதே நிலத்தை வைத்து வேறு வங்கியில் கடன் பெறுவது கடினம்.

மதிப்பெண்ணை மீண்டும் உயர்த்துவது

பாக்கியை முடித்தபின் சிறிய கடன் ஒன்றை வாங்கி, தேதி தவறாமல் கட்டி வாருங்கள். நகைக்கடனோ கூட்டுப் பொறுப்புக் குழுக் கடனோ இதற்கு ஏற்றது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைத்தால் இன்னும் நல்லது. உரிய காலத்தில் கட்டினால் அதற்கு வட்டியே இல்லை. ஒரே வாரத்தில் நான்கைந்து இடங்களில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதிவாகும். "சிபிலை உடனே ஏற்றித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம். உண்மையான பாக்கியை யாராலும் அழிக்க முடியாது.

மீண்டும் வங்கிக்குப் போகும்போது

* 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. 2025 ஜனவரி 1 முதல் இந்த வரம்பு நடைமுறையில் உள்ளது.
* இதுவரை கடனே வாங்காதவரை, கடன் வரலாறு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது.
* விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அதில்தான் தெரியும்.
* கடன் சான்று, பழைய ரசீதுகள், பால் சங்கம் அல்லது கரும்பு ஆலையில் பணம் வரவான வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள்.

இனி வராமல் தடுக்க

குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவங்கள், நீண்டகாலப் பயிருக்கு ஒரு பருவம் தவணை தாண்டி நின்றால் கடன் வாராக்கடனாகிவிடும். வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் போய், அரசும் பாதிப்பை அறிவித்திருந்தால், கெடு முடியும் முன்பே வங்கிக்குச் சென்று கடனை மறுசீரமைக்க எழுதிக் கொடுங்கள். மேலாளர் முகத்தில் விழிக்கத் தயங்கி ஒதுங்கி நிற்பவர்களின் கணக்குத்தான் பெரும்பாலும் கெடுகிறது. கெடு தேதியை விதைப்புத் தேதியைப் போலவே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.