அரங்கைத் தேடி – 7: எதிர் வரிசை முகங்கள்

மும்பையில் ஜுஹு கடற்கரையிலிருந்து நடந்தே போய்விடலாம் பிருத்வி தியேட்டருக்கு. மொத்தம் சுமார் 200 இருக்கைகள். டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது. முதலில் வந்தவர் விருப்பப்பட்ட இடத்தில் உட்காரலாம். அதனால் நாடகம் தொடங்க வெகுநேரம் முன்பே வாசலில் வரிசை நீண்டுவிடும். கடைசி மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். அதன் பிறகு வருபவர் யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

இந்தக் கறார் சிலருக்குக் கோபத்தைத் தருகிறது. உள்ளே ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரிந்துவிடும். உயரமான மேடை, திரைச்சீலை எதுவும் இங்கே இல்லை. தரைதான் மேடை. அதன் மூன்று பக்கமும் படிப்படியாக இருக்கைகள் ஏறுகின்றன. தாமதமாக வரும் ஒருவர் இருட்டில் இடம் தேடினால், அவர் நடப்பது நடிகரின் காலடியில்தான். அவரும் நாடகத்தில் ஒரு பாத்திரம் ஆகிவிடுவார்.

முன்வரிசைக்காரர் காலை நீட்டக்கூட யோசிக்க வேண்டும். நடிகரின் கழுத்தில் வியர்வை இறங்குவதும், வசனத்துக்கு நடுவே அவர் எச்சில் விழுங்குவதும், புடவைத் தலைப்பைப் பிடித்திருக்கும் விரல்கள் இறுகுவதும் அங்கிருந்து தெரியும். முணுமுணுத்தாலே கடைசி வரிசைக்குக் கேட்டுவிடும்.

என்னை அதிகம் பாதிப்பது இந்த நெருக்கம்கூட அல்ல. நடிகரைத் தாண்டிப் பார்த்தால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்கள் தெரிகின்றன. மேடை வெளிச்சம் அவர்கள் மீதும் கொஞ்சம் சிந்துகிறது. ஒரு பெண்மணி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொள்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஒரு இளைஞர் முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்னால் சாய்ந்திருக்கிறார். பின்வரிசையில் ஒரு பெரியவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனையும் எனக்குத் தெரிகிறது என்றால், என் முகமும் அவர்களுக்குத் தெரிகிறது. ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் பார்வையாளர் இருட்டில் ஒளிந்துகொள்ளலாம், கொட்டாவி விடலாம், போனை எடுத்துப் பார்க்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. நம் தெருக்கூத்துக் களத்தைச் சுற்றி உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இது புதிய அனுபவமாக இருக்காது. அங்கும் கூத்தாடியைப் பார்க்கிற கண், எதிரே உட்கார்ந்திருக்கும் ஊராரையும் சேர்த்தே பார்க்கிறது.

1978 நவம்பர் 5 அன்று இந்த அரங்கு திறந்தபோது முதலில் நடந்த நாடகம் ஜி.பி. தேஷ்பாண்டேயின் ‘உத்வஸ்த தர்மசாலா’. நசீருதீன் ஷா, ஓம் புரி, பெஞ்சமின் கிலானி ஆகியோர் நடித்தார்கள். இடதுசாரிக் கருத்துக்காக ஒரு பேராசிரியரை விசாரணைக் குழு முன் நிறுத்துகிறார்கள். இதுதான் கதை. மூன்று பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து நடுவில் ஒரு மனிதரை உற்றுப் பார்க்கும் இடத்தில் இந்தக் கதையை நடத்தினால், பார்வையாளரும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினராகிவிடுவார். தொடக்க நாளுக்கு இதைவிடப் பொருத்தமான நாடகம் இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

அரங்கைக் கட்டியவர்கள் சசி கபூரும் அவர் மனைவி ஜெனிஃபர் கெண்டலும். வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் வேத் சேகன். சசியின் தந்தை பிருத்விராஜ் கபூர் 1944-இல் தொடங்கிய நாடகக் குழு சொந்த அரங்கு இல்லாமலே ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டது. நாடகம் முடிந்ததும் பிருத்விராஜ் வாசலில் வந்து நின்று, தலையைக் குனிந்து, துணியை ஏந்தி நன்கொடை கேட்பார். சற்று முன்பு மேடையில் கர்ஜித்தவரின் கைக்கு அருகே வந்துதான் ஒவ்வொருவரும் வெளியேற வேண்டும். ஜெனிஃபரும் நாடோடி நாடகக் குடும்பம்தான். அவருடைய பெற்றோர் ஷேக்ஸ்பியர் நாடகங்களை இந்தியப் பள்ளிக்கூடங்களில் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். இரண்டு பேரும் குழந்தையிலிருந்தே பார்வையாளரைப் பக்கத்தில் பார்த்து வளர்ந்தவர்கள். சசி இந்தி சினிமாவின் பெரிய நட்சத்திரமாக இருந்த காலத்தில், பெரிய அரங்கு கட்ட நினைக்காமல் 200 பேருக்கு ஓர் இடம் கட்டினார்கள். அதற்கு இந்த வளர்ப்புதான் காரணம் என்று நம்புகிறேன்.

200 இருக்கையும் நிரம்பினாலும் வசூல் கொஞ்சம்தான். அரங்கின் வாடகையைக் குறைவாக வைத்தால்தான் நாடகக் குழுக்கள் தாக்குப்பிடிக்கும். ஜெனிஃபர் இதில் உறுதியாக இருந்தார். அவர் 1984-இல் காலமானார். மகள் சஞ்சனாவும் மகன் குணாலும் அரங்கைத் தொடர்ந்து நடத்தினார்கள்.

சிறிய அரங்கில் எந்த நாடகம் எடுபடும் என்று கேட்பவர்களுக்கு நசீருதீன் ஷாவின் மோட்லி குழுவைக் காட்டுவேன். இஸ்மத் சுக்தாயின் உருதுக் கதைகளை ‘இஸ்மத் ஆபா கே நாம்’ என்று மேடையேற்றினார்கள். ஒருவர் வருகிறார், ஒரு கதை முழுவதையும் தானே சொல்லி நடிக்கிறார், போகிறார். அடுத்தவர் வருகிறார். உருது முழுதாகப் புரியாதவரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்மணி திண்ணையில் உட்கார்ந்து ரகசியம் சொல்லும்போது நாம் எழுந்து போவோமா?

நாடகம் முடிந்து வெளியே வந்தால் முற்றத்தில் மரங்களுக்கு அடியில் சிற்றுண்டிக் கடை. கையில் சுலைமானி டீயுடன் கும்பல் கும்பலாக நின்று இரண்டாம் பாதி ஏன் தொய்ந்தது என்று சண்டை போடுகிறார்கள். எந்த விமர்சனத்தையும்விட இந்த வாக்குவாதம் நாடகக்காரர்களுக்குப் பயன்படும்.

பெருநகரத்தில் இது சாத்தியம், கிராமத்தில்? கர்நாடகத்தின் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஹெக்கோடு என்ற சிற்றூரில் கே.வி. சுப்பண்ணா ‘நீநாசம்’ அரங்குக்கு எப்படிப் பார்வையாளரை உருவாக்கினார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)