கொலஸ்ட்ரோல் மாத்திரையும் சத்து மாத்திரையும்

கிளினிக்கில் கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவஸ்டட்டின் தருகிறார்கள். நாங்களோ டவுன் பாமசியில் சத்து மாத்திரையும் வாங்கிப் போடுகிறோம். சாதாரண விற்றமின் என்றால் பெரும்பாலும் காசுதான் நட்டம். ஆனால் போத்தலில் 'றெட் ஈஸ்ட் ரைஸ்' என்றிருந்தால் வேண்டாம். அதில் இருப்பதும் அதே இனத்து மருந்துதான். இரண்டும் சேர்ந்தால் சதை பழுதாகி, சிறுநீரகம் வரை பாதிக்கலாம். கூடிய அளவு நயசினும் அப்படித்தான்.

மலையேறிக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு உடம்பு நோவு புதிதல்ல, அதுதான் ஆபத்து. வேலையில்லாத நாளிலும் தொடை, தோள் நொந்தால், சிறுநீர் சாயத்தண்ணி போலக் கறுத்தால், அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போங்க.

மீனெண்ணெய் குடிக்கிறோமே என்று டாக்டர் தந்ததை நிறுத்தாதீங்க. மீனெண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரோலைக் குறைப்பதில்லை. அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியோடு அந்தப் போத்தலையும் கொண்டுபோய்க் காட்டுங்க.