மலையூர் அமைதி

கொல்லிமலையில் நாடு என்பது சிற்றூர்கள் பல சேர்ந்த தொகுதியாகும். எடப்புளி நாடு அவற்றுள் ஒன்று. இம்மலையின் பழையவூர்களில் நிலவும் அமைதியைச் சோம்பலென்று நாம் எண்ணுதல் பிழை. சாமையை உரலிலிட்டு, உமி போக்கி, அரிசியாக்கப் பெண்டிர் பட்ட பாடு சிறிதன்று. அவ்வருமையாலும், மரவள்ளிக்கிழங்கு பணந் தருதலாலும், சாமையும் தினையும் விளைந்த நிலங்கள் பல மரவள்ளிக்கு மாறின. 1990-களில் இம்மலையிற் சிறுதானியப் பணி தொடங்கிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பின்னர் உமிநீக்கும் பொறிகள் ஊர்களில் அமைய உதவியது.

உலக்கையொலி அடங்கியது உழைப்பின் சுமை குறைந்தமையாலாயின் நன்று. விதையே அருகியமையாலாயின் தீது. ஆதலின் அமைதியான ஊரைப் புகழுமுன், அங்கு எவ்வொலி, எதனால் அடங்கிற்றென வினவுதல் நம் கடனாம்.