கீமோ நாட்களில் செவிலியரின் தொலைபேசி அழைப்பு

வீட்டில் கழியும் வாரங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ மருந்து பெரும்பாலும் மூன்று வாரங்களுக்கு ஒரு முறை சில மணி நேரத்தில் ஏற்றி முடிக்கப்படுவதால், சேலத்தில் மருந்தேற்றிக்கொண்டு ராசிபுரத்துக்கோ திருச்செங்கோட்டுக்கோ பேருந்தில் திரும்பும் பெண் அதன் பக்க விளைவுகளை வீட்டிலேயே எதிர்கொள்கிறார். வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் இம்மருந்து எலும்பு மஜ்ஜையையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே, கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் பொதுவாக 7 முதல் 14 நாட்களுக்குள் மிகவும் குறைந்துவிடுகின்றன. வாந்தி ஓய்ந்து, சோறு இறங்கத் தொடங்கி, உடம்பு தேறிவிட்டது என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் வாரமும் பெரும்பாலும் அதுவே.

காய்ச்சல் என்னும் அவசரம்

இந்நாட்களில் உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால், அது இரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நிலையாகும். வெள்ளணுக்கள் குறைந்த உடலில் சீழோ வீக்கமோ தோன்றாமலேயே தொற்று இரத்தத்தில் பரவக்கூடும் என்பதால், காய்ச்சல் மட்டுமே ஒரே அறிகுறியாக இருக்கலாம். மருந்துக்கடையில் வாங்கிப் போடும் பாராசிட்டமால் அந்த ஓர் அறிகுறியையும் மறைத்துவிடும். கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல் வட்டாரத்தில், பண்ணை வேலைக்கு அந்தப் பெண் திரும்பிவிட்டாரா, முட்டையை முழுவதும் வேகவைத்து உண்கிறாரா என்பவையும் கேட்டறியப்பட வேண்டியவை.

அழைக்க வேண்டியவர் யார்

உதவி எண்ணைக் கொடுத்து, தேவைப்பட்டால் அழையுங்கள் என்று அனுப்பிவிடுவது போதாது. பேருந்துச் செலவையும் வீட்டாரின் கூலி நாளையும் எண்ணித் தன் வேதனையைப் பொறுத்துக்கொள்ளும் பெண் தானாக அழைப்பது அரிது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 20 மையங்களில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் மூன்று நாட்களுக்குள் ஒரு முறையும், 8 முதல் 10 நாட்களுக்குள் மறுமுறையும் செவிலியரே அழைத்தனர். அவசரப் பிரிவுக்கு வருவோர் எண்ணிக்கை அதனால் குறையவில்லை எனினும், கடுமையான பக்க விளைவுகளைத் தெரிவித்த பெண்கள் குறைந்தனர்.

நலமா என்று கேட்டால் நலம் என்ற பதிலே வரும். நேற்று எத்தனை முறை வாந்தி, தெர்மாமீட்டரில் எவ்வளவு, வாய்ப்புண்ணால் தண்ணீர் விழுங்க முடிகிறதா, சிறுநீர் வழக்கம்போல் பிரிகிறதா என்று கேட்கும் செவிலியருக்கே உண்மை நிலை புலப்படும். கைபேசி கணவரிடமோ மகனிடமோ இருக்கும் வீடுகளில், அவர்கள் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் பெண்ணிடமே பேசியாக வேண்டும். மார்பு, மாதவிடாய், மலச்சிக்கல் பற்றியெல்லாம் ஆண்கள் வழியே செய்தி வந்து சேராது.

இங்குள்ள வாய்ப்புகள்

தமிழ்நாட்டில் 104 என்ற எண் பொதுவான மருத்துவ ஆலோசனைக்கும், 108 ஆம்புலன்சுக்கும் உள்ளன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்களும் வீடுதோறும் செல்கின்றனர். எனினும், எந்த மருந்து, எத்தனையாவது சுற்று, ஏற்றிய தேதி எது என்பவற்றைக் குறிப்பேட்டில் கண்முன் வைத்துப் பேசும் செவிலியரின் இடத்தை இவற்றால் நிரப்பிவிட முடியாது. மருந்தேற்றும் ஒவ்வொரு பிரிவிலும் இதற்கெனவே ஒரு செவிலியரும் ஒரு கைபேசியும் ஒதுக்கப்படுவது பெருஞ்செலவன்று. அதுவரை, காய்ச்சலோடு எந்த அவசரப் பிரிவுக்குச் சென்றாலும், கீமோ நடந்துவருகிறது என்பதையும் கடைசியாக ஏற்றிய தேதியையும் முதல் வார்த்தையாகச் சொல்லிச் சிகிச்சை அட்டையைக் காட்டுவது அவசியம்.