மாறியது மனிதனா, மூளையா?

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் குருக்களிடம் குடும்பத்தார் அடிக்கடி முறையிடும் துயரம் ஒன்று உண்டு. "சாமி, இவர் முன்பு இப்படி இருந்ததில்லை, குணமே மாறிவிட்டது" என்பதே அம்முறையீடு. அமைதியே உருவாக இருந்த தந்தை காரணமின்றிச் சீறுகிறார். சிக்கனமாய்க் குடும்பம் நடத்திய தாய் பணத்தைக் கண்டபடி வாரி இறைக்கிறார். பூசைக்கு முதல் ஆளாய் வந்த இளைஞன் படுக்கையை விட்டு எழ மறுக்கிறான். திமிர் என்பார் ஒருவர். கெட்ட சகவாசம் என்பார் மற்றொருவர். செய்வினை என்றும் பேயின் சேட்டை என்றும் கிசுகிசுப்பவர்களும் உளர். மூளையில் நோயோ காயமோ இருக்குமோ என்னும் கேள்வி பெரும்பாலும் கடைசியாகவே எழுகிறது; சில வீடுகளில் எழுவதே இல்லை.

மனிதனின் நடத்தைக்கும் அவன் மூளைக்கும் உள்ள உறவு யாது? மூளை கெட்டால் குணமும் கெடுமா? கெடுமெனில், ஆன்மா என்று நாம் சொல்வதன் பொருள் என்ன? இக்கேள்விகளை உலகின் முன் வைத்தது ஒரு விபத்து. அதனை முதலில் பார்ப்போம்.

தலையைத் துளைத்த கம்பி

1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், கேவன்டிஷ் என்னும் ஊரருகே இருப்புப்பாதை அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பாறைகளுக்கு வெடிவைக்கும் குழுவின் மேஸ்திரி, பீனியஸ் கேஜ் என்னும் 25 வயது இளைஞர். பாறையில் துளையிட்டு, வெடிமருந்தைக் கொட்டி, இரும்புக் கம்பியால் அதனை இடித்துக் கெட்டிப்படுத்துவது வழக்கம். அன்று மாலை மருந்து எதிர்பாராமல் வெடித்தது. 3 அடி 7 அங்குல நீளமும் ஏறத்தாழ 6 கிலோ எடையும் உள்ள அக்கம்பி, அவரது இடக்கன்னத்தில் நுழைந்து, கண்ணின் பின்புறமாகச் சென்று, மூளையின் முன்பகுதியைத் துளைத்து, உச்சந்தலை வழியே வெளியேறித் தொலைவில் போய் விழுந்தது.

அவர் அவ்விடத்திலேயே மாண்டிருக்க வேண்டும். ஆனால் சில நிமிடங்களில் பேசினார். மாட்டுவண்டியில் உட்கார்ந்தபடியே தாம் தங்கியிருந்த விடுதிக்கு வந்து சேர்ந்தார். டாக்டர் ஜான் ஹார்லோ என்பவர் பல வாரங்கள் பரிவுடன் சிகிச்சை செய்தார். இடக்கண்ணின் பார்வை போயிற்று, உயிர் பிழைத்தது. நடக்கவும் பேசவும் நினைக்கவும் கேஜால் முடிந்தது.

எனினும், வேறொன்று போய்விட்டது. 1868இல் டாக்டர் ஹார்லோ வெளியிட்ட அறிக்கை அதனை விவரிக்கிறது. விபத்துக்குமுன் கேஜ் பொறுப்புள்ளவர், நிதானமானவர், எடுத்த காரியத்தை முடிப்பவர். விபத்துக்குப்பின் பொறுமையற்றவராகவும், பிடிவாதமுள்ளவராகவும், இழிசொற்களைக் கூசாது பேசுபவராகவும் மாறினார். ஒரு திட்டத்தை வகுப்பார்; மறுகணமே அதனைக் கைவிட்டு வேறொன்றுக்குத் தாவுவார். மெச்சி வேலை கொடுத்தவர்களே பழைய பதவியைத் திரும்பத் தர மறுத்தனர். இவர் நாங்கள் அறிந்த கேஜ் அல்லர் என்றனர் நண்பர்கள்.

அறிவும் பேச்சும் அப்படியே இருக்க, பண்பு மட்டும் மாறியதெப்படி? நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி, உள்ளத்தில் எழும் உந்துதலுக்குக் கடிவாளம் இடுகிறது. 'இப்போது வேண்டாம்', 'இங்கே தகாது' என்று தடுக்கிறது. நாளைய விளைவை இன்றே எண்ணிப் பார்க்கச் செய்கிறது. அக்கடிவாளம் அறுந்தால், நல்லவரும் நிதானம் இழப்பார். இவ்வுண்மையை மருத்துவ உலகம் கேஜிடமிருந்தும், அவருக்குப்பின் வந்த எண்ணற்ற நோயாளரிடமிருந்தும் கற்றுக்கொண்டது.

1861இல் பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்னும் மருத்துவர் இன்னொரு படியை எடுத்து வைத்தார். பிறர் பேசுவதைப் புரிந்துகொண்டாலும், 'டான்' என்னும் ஓரசையை மட்டுமே சொல்லக்கூடிய நோயாளி ஒருவர் இறந்தபின், அவருடைய மூளையைப் பரிசோதித்தார். இடப்புற முன்பகுதியில் சிதைவு காணப்பட்டது. பேச்சை உருவாக்குவதற்கென மூளையில் தனியிடம் உண்டு என்பது இவ்வாறு தெளிவாயிற்று. நம் மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. பேச்சு, நினைவு, அச்சம், பாசம், அடக்கம் ஆகிய ஒவ்வொன்றும் இவ்வணுக்களின் இசைவான செயலை நாடி நிற்கிறது.

அப்படியானால் ஆன்மா எங்கே?

இங்கே சிலர் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வருகின்றனர். மூளை மாறினால் மனிதன் மாறுகிறான். ஆதலின் மனிதன் என்பது மூளையே, ஆன்மா வெறும் கற்பனை என்கின்றனர். இதற்கு அஞ்சி, பக்தியுள்ளவர் சிலர் மறுபுறம் ஓடுகின்றனர். மூளைக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்று சாதிக்கின்றனர். இரண்டுமே தவறு.

ஆன்மா வீணை வாசிப்பவர், மூளை வீணை என்று உவமை சொல்வதுண்டு. தந்தி அறுந்தால் இசை கெடும்; வித்துவான் கெட்டுவிடவில்லை. அழகான உவமையே, ஆனால் பாதிதான் பொருந்தும். வித்துவான் வீணையை வைத்துவிட்டு எழுந்து போகலாம். அவர் வேறு, வீணை வேறு. மனிதன் அப்படியல்லன். புனித தோமா அக்குயினாஸ் கற்பித்ததுபோல, ஆன்மா உடலுக்குள் குடியிருக்கும் வாடகைக்காரர் அன்று. உடலை மனித உடலாக உருவாக்கி உயிர்ப்பிக்கும் தத்துவமே ஆன்மா. 1311–12இல் பிரான்சு நாட்டின் வியன் நகரில் கூடிய பொதுச்சங்கமும் இதனையே வரையறுத்தது. உடலும் ஆன்மாவும் சேர்ந்தே ஒரு மனிதன். ஆகவே மூளை புண்படும்போது மனிதன் முழுவதும் துன்புறுகிறான் என்பதைக் கேட்டுக் கத்தோலிக்கர் திடுக்கிடத் தேவையில்லை. எதிர்பார்க்க வேண்டியதே அது.

இவ்வாராய்ச்சிக்குத் திருச்சபையின் மக்களே வழிகாட்டியதும் உண்டு. கோபன்ஹேகனில் பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன், 1665இல் பாரிஸ் அறிஞர் அவையில் மூளையைப்பற்றி விரிவுரையாற்றினார். மூளையின் நடுவிலுள்ள பினியல் சுரப்பியே ஆன்மாவின் இருக்கை என்று தத்துவஞானி டெக்கார்ட் கற்பனை செய்திருந்தார். அவர் வருணித்த அமைப்பு உண்மையான மூளையில் இல்லை என்று ஸ்டென்சன் அறுத்துக் காட்டினார். நரம்பிழைகளைப் பொறுமையுடன் பின்தொடர்ந்து பார்ப்பதே அறிவதற்கு வழி என்றார். அவர் 1667இல் கத்தோலிக்கரானார், 1675இல் குருவானார், 1677இல் ஆயரானார். 1988இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

மூளை மட்டுமே மனிதன் அன்று என்று எண்ணத் தூண்டும் செய்திகளும் உண்டு. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளரை விழிப்பு நிலையிலேயே வைத்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டார். நோயாளியின் கை தானே அசைந்தது. 'நீயா அசைத்தாய்?' என்றால், 'நான் இல்லை, நீங்கள்தான் அசைத்தீர்கள்' என்பதே அவர்கள் தந்த பதில். அசைவை மின்சாரம் உண்டாக்கியது. அதனைத் தன் செயலன்று என்று அறியும் 'நானை' அது உண்டாக்கவில்லை. உள்ளத்தை மூளையின் செயலாக மட்டும் விளக்கிவிட முடியாது என்று 1975இல் வெளிவந்த தம் நூலில் பென்ஃபீல்டு எழுதினார். அறிஞர் எல்லாரும் இதனை ஏற்கவில்லை. விவாதம் இன்றும் நடைபெறுகிறது.

கேஜின் பிற்காலம்

கேஜின் கதையைச் சொல்வோர் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றனர். மீதிக் கதையே நமக்கு அதிகம் தேவை. 1852இல் அவர் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்றார். அங்கே பல குதிரைகள் பூட்டிய பயணியர் வண்டியை ஓட்டும் பணியில் ஏறக்குறைய ஏழாண்டுகள் இருந்தார். குறித்த நேரத்தில் எழவேண்டும், குதிரைகளைப் பேணவேண்டும், பயணிகளிடம் பதமாய் நடக்கவேண்டும். பொறுப்பும் பொறுமையும் அறவே அற்றவர் இப்பணியில் ஏழாண்டுகள் நிலைத்திருப்பாரா? நாள்தோறும் மாறாத ஒழுங்கும், ஒருவர் நம்பிக் கொடுத்த வேலையும் அவர் இழந்த பண்பைப் பெருமளவு மீட்டுக் கொடுத்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். 1859இல் உடல்நலம் குன்றிச் சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்த தாயிடம் திரும்பிய அவர், வலிப்பினால் 1860 மே 21இல் இறந்தார்.

மூளை நடத்தையை உருவாக்குகிறது என்பது உண்மை. நல்ல பழக்கமும் பிறர் அன்பும் மூளையைச் சீராக்க உதவுகின்றன என்பதும் உண்மை.

நம் இல்லங்களுக்கு

முதலாவதாக, ஒருவருடைய குணம் திடீரென மாறினால், தீர்ப்பிடுமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டுக் கோளாறு, மூளைக்கட்டி, தலைக்காயம், மனச்சோர்வு, முதுமையில் வரும் மறதிநோய் ஆகிய எதுவும் குணமாற்றமாக வெளிப்படலாம். மறதிநோயில் ஒருவகை, மறதிக்கு முன்பே நடத்தை மாற்றமாகத்தான் தொடங்குகிறது. இவற்றுள் சில, மருந்தால் முற்றிலும் குணமாகக் கூடியவை. மனநல ஆலோசனைக்கு நடுவண் அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

இரண்டாவதாக, பேய் பிடித்துவிட்டதென்று அவசரப்படாதீர்கள். எவரையும் எளிதில் பேய் பிடித்தவரென நம்பிவிடலாகாது என்று 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்குமுறை நூலே குருக்களை எச்சரித்தது. நோய் வேறு, பேய் வேறு. நோயைக் குணமாக்குவது மருத்துவத்தின் பணி என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி தெளிவாகக் கூறுகிறது. செபியுங்கள், ஆனால் செபத்தை மருந்துக்குப் பதிலாக வைக்காதீர்கள். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் நம் மாநிலத்தில், ஏர்வாடியின் மனநோயாளர் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் 28 பேர் மடிந்தனர். நோயாளியைச் சங்கிலியால் பிணைக்கும் வழக்கம் ஒரு மதத்தாருக்கோ ஓர் ஊருக்கோ உரியதன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதனை முற்றிலும் தடைசெய்துள்ளது.

மூன்றாவதாக, குற்றத்தை அளப்பதில் நிதானம் வேண்டும். ஒருவர் செய்த தீமைக்கு அவருடைய பொறுப்பு, அச்சத்தாலும் பழக்கத்தாலும் உளவியல் காரணங்களாலும் குறையலாம், இல்லாமலும் போகலாம் என்று மேற்கண்ட மறைக்கல்வியே கற்பிக்கிறது. இதனால் எவருக்கும் எப்பிழையும் இல்லை என்றாகாது. நலமுள்ளவன் தன் கோபத்துக்கு மூளைமேல் பழிபோட்டுத் தப்பமுடியாது. நோயுற்றவரை நலமுள்ளவரின் அளவுகோலால் அளப்பதும் நீதியன்று.

நான்காவதாக, அவர்களை வீட்டின் மூலையில் ஒதுக்கிவிடாதீர்கள். பெல்ஜியத்தின் கீல் நகரில், புனித டிம்ப்னாவின் திருத்தலத்தை நாடிவந்த மனநோயாளரைச் சாதாரணக் குடும்பங்கள் தம் வீடுகளில் ஏற்றுப் பேணும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உள்ளது. 1938இல் அவ்வாறு பேணப்பட்டோர் 3,700க்கும் மேற்பட்டோர். உணவு மேசையில் ஓர் இடம், தோட்டத்தில் ஒரு சிறு வேலை, பெயர் சொல்லி அழைக்க ஒரு குரல் என இவற்றையே அவ்வீட்டார் கொடுத்தனர். மருத்துவர்களின் மேற்பார்வையும் துணைநின்றது. சிலியில் கேஜுக்குக் கிடைத்ததும் இதுபோன்றதோர் ஒழுங்கன்றோ?

நம் வீட்டில் ஒருவர் மாறிவிட்டாரெனில், 'உனக்கு என்ன திமிர்?' என்று கேட்க எழும் நாவைச் சற்றே நிறுத்துவோம். 'உனக்கு எங்கே நோகிறது?' என்று அருகமர்ந்து கேட்போம். நம்முள் மறைந்துபோனவராகத் தோன்றும் அந்த ஆளை, அவரைப் படைத்தவர் இழந்துவிடவில்லை, நாமும் இழக்கலாகாது.