பணியிலிருந்தே பட்டம்: செவிலியர்க்குத் திறந்திருக்கும் வாயில்

மதகடிப்பட்டு என்றதும் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தையே பலர்க்கும் நினைவுக்கு வரும். வரலாறு அறிந்தோர் முதலாம் இராசராசன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயிலை நினைவுகூர்வர். இன்று அவ்வூர்ப் பகுதிக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. அருகே கலிதீர்த்தாள்குப்பத்தில் மருத்துவக் கல்லூரியும் செவிலியர் கல்லூரியும் அமைந்துள்ளன. விழுப்புரம் - புதுச்சேரி நெடுஞ்சாலையில் காலைப் பேருந்து ஏறுவோர், பணிக்குச் செல்லும் செவிலியர் சிலரையேனும் காணாதிருத்தல் அரிது.

அச்செவிலியருள் பட்டயம் பெற்றோரும் உளர். பட்டம் பெற்றோரும் உளர். இருவரும் ஒரே வார்டில் பணிபுரிவர். ஒரே நோயாளிக்கு ஊசி போடுவர். ஒரே இரவு விழித்திருப்பர். ஆயினும் செவிலியர் கல்லூரியில் ஆசிரியராவதற்கும் முதுநிலைக் கல்வி பயில்வதற்கும் பட்டம் வேண்டும். மேற்பார்வைப் பதவிகளிலும் அயல்நாட்டு வேலைகளிலும் அதற்குத் தனி மதிப்புண்டு. பட்டயம் முடித்து வேலையில் அமர்ந்து, மணமாகிக் குழந்தையும் பெற்ற ஒரு பெண், வேலையை விடாமல் பட்டம் பெற இயலுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வி வளர்ந்த வரலாறு

தமிழகத்தில் செவிலியக் கல்வி நெடிய மரபுடையது. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியத்தில் பட்டப்படிப்பு தோன்றியது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இந்தியச் செவிலியர் குழுமம் உருவாயிற்று. பட்டயம் பெற்ற செவிலியர் மேலும் ஈராண்டு பயின்று பட்டம் பெறும் படிப்பு 1963-இல் திருவனந்தபுரத்தில் முதன்முதலாகத் தொடங்கப்பெற்றது. எனினும் அதற்கு வேலையைத் துறந்தோ விடுப்பெடுத்தோ கல்லூரிக்குச் செல்ல வேண்டியிருந்தது.

இக்குறையை நீக்க வந்ததே தொலைநிலைக் கல்வி. 1985-இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பணியிலுள்ள செவிலியர்க்கென 1994-இல் இப்பட்டப்படிப்பைத் தொடங்கியது. கல்லூரியில் ஈராண்டாகப் பயிலும் படிப்பு, இங்கு மூன்றாண்டுகளாக விரிகின்றது. இந்தியச் செவிலியர் குழுமம் இதனை ஏற்றுள்ளது.

யார் சேரலாம்?

இதில் சேர விழைவோர் மூன்றாண்டுப் பட்டயம் முடித்துச் செவிலியராகவும் மகப்பேற்றுச் செவிலியராகவும் பதிவு பெற்றுப் பணியில் இருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்க்கு இரண்டாண்டுப் பணியனுபவம் தேவை. பத்தாம் வகுப்போடு பட்டயம் முடித்தவர்க்கு ஐந்தாண்டு தேவை. நுழைவுத் தேர்வும் உண்டு. விண்ணப்பிக்குமுன் அவ்வாண்டின் அறிவிப்பை ஒருமுறை படித்துத் தெளிதல் நன்று.

பாடங்கள் வீட்டிலிருந்தே பயிலத்தக்கவாறு எழுதப்பட்டுள்ளன. இப்பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் பலவற்றை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆயினும் இது முற்றிலும் இணையவழிப் படிப்பன்று. செய்முறைப் பயிற்சிக்கு உரிய மையத்திற்கு நேரில் சென்றே ஆகவேண்டும். குருதியோட்டத்தின் இயல்பைத் திரையில் கற்கலாம். மூச்சுத் திணறும் குழந்தையைக் கையில் ஏந்தும் முறையைத் திரை கற்பிக்காது.

ஏமாறாதிருக்க

ஈண்டு இளையோரும் பெற்றோரும் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். பள்ளிப் படிப்பு மட்டுமே முடித்தவர், வீட்டிலிருந்தபடியே செவிலியராகிவிட இயலாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகள், தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தத் தடைசெய்யப்பட்ட படிப்புகளின் வரிசையில் செவிலியத்தையும் வைத்துள்ளன. மேற்சொன்ன மூன்றாண்டுப் படிப்பு, முன்னரே பயின்று பதிவு பெற்றவர்க்கு மட்டும் உரியது. ‘வகுப்பு வேண்டா, பயிற்சி வேண்டா, பணம் கட்டினால் பட்டம்’ என்பாரை நம்பி நகையை அடகு வைத்தல் பேதைமை. செவிலியர் குழுமம் ஏற்காத பட்டம் வெறுந்தாளே.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்குப் பதிவு பெற்ற செவிலியர் இணையவழியே பட்டம் பெறப் பல பல்கலைக்கழகங்கள் வழிசெய்துள்ளன. நியூயார்க் மாநிலமோ, புதிதாகப் பதிவு பெறும் செவிலியர் பத்தாண்டுகளுக்குள் பட்டம் பெற வேண்டும் என 2017-இல் சட்டமே இயற்றியது.

பட்டத்தால் நோயாளிக்கு என்ன பயன்?

ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் முந்நூறு மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை தருகின்றது. பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு நூற்றுக்குப் பத்து உயர்ந்த இடங்களில், அறுவை மருத்துவத்திற்குப்பின் முப்பது நாள்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழளவு குறைந்திருக்கக் கண்டனர். இதனால் பட்டயச் செவிலியர் தாழ்ந்தவர் என்று கொள்ளலாகாது. அவர்தம் அனுபவத்தோடு ‘ஏன்’ என்னும் அறிவும் கூடுமாயின், ஆபத்தை முன்கூட்டியே உணர்தல் எளிதாகும் என்றே கொள்ளுதல் தகும்.

தமிழ்த்துறையின் பங்கு

இப்படிப்பின் பாடமொழி ஆங்கிலம். நோயாளியின் மொழியோ தமிழ். ‘நெஞ்சைப் பிசையுது’, ‘கிறுகிறுன்னு வருது’, ‘அடிவயித்தை இழுத்துப் பிடிக்குது’ என்று மண்ணாடிப்பட்டுக் கொம்யூனின் மூதாட்டி சொல்வதைக் கேட்டு, அதன் பொருளுணர்ந்து, மருத்துவர்க்கு ஆங்கிலத்தில் எழுதுபவர் செவிலியரே. இருமொழிக்கும் இடையே அவர் அமைக்கும் பாலத்தில் ஒரு சொல் பிசகினும் உயிருக்கு ஊறு நேரும். எனவே, நோயைக் குறிக்கும் வட்டாரச் சொற்களைத் தொகுத்து ஒரு சிறு அகராதி செய்து தருதல் நம் தமிழ் மாணவர் ஆற்றத்தக்க அரும்பணியாகும்.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். இரவுப் பணி முடித்து வரும் மகளோ மருமகளோ புத்தகத்தை விரித்து அமர்ந்தால், அன்றைய உலையை வேறொருவர் ஏற்றட்டும். மூன்றாண்டுப் படிப்பை இடைநிறுத்துவது பாடத்தின் கடுமையினும் வீட்டின் சுமையே. அச்சுமையை நாம் பகிர்ந்துகொள்வோமாயின், அவர் பெறும் பட்டம் ஒரு குடும்பத்தை உயர்த்துவதோடு ஊராரின் உயிரையும் காக்கும்.