மின்னஞ்சல் முகவரி

இரண்டு கணினிகள் அருகருகே நின்றன. எழுந்து சில அடி நடந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றை அடையலாம். ஆயினும் 1971ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர் அச்சிறு தொலைவைக் கடக்க ஆர்ப்பாநெட் வழியே ஒரு செய்தியை அனுப்பினார். இன்றைய இணையத்தின் முன்னோடியான வலையமைப்பு அது. இவ்வாறு செய்யுமாறு எவரும் அவரைப் பணிக்கவில்லை; செய்துபார்க்கத் தோன்றியது, செய்தார்.

அச்செய்தி யாது? 1844இல் தந்தித் தடத்தைத் தொடங்கிவைத்த மோர்ஸ், விவிலியத்திலிருந்து கம்பீரமான தொடர் ஒன்றை அனுப்பினார். டாம்லின்சனோ தாம் அனுப்பியதை மறந்தே போனார். விசைப்பலகையின் மேல்வரிசை எழுத்துகளை வரிசையாகத் தட்டியிருக்கலாம் என்று பிற்காலத்தில் கூறினார். பூனை நடந்தாலும் கிடைக்கக்கூடிய செய்திதான்!

அதற்கு முன்னரும் கணினியில் செய்தி விடும் வழக்கம் இருந்தது. ஆனால் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்துவோர்க்குள் மட்டுமே அது இயன்றது. சமையலறைப் பலகையில் ‘பால் வாங்கவும்’ என்று எழுதிவைத்தால் அவ்வீட்டார் மட்டுமே படிக்க முடியுமன்றோ? வேறு கணினியில் உள்ளவருக்கு அனுப்ப, ஆளின் பெயரோடு கணினியின் பெயரும் வேண்டும். இரண்டையும் பிரிக்க, எவர் பெயரிலும் வராத ஒரு குறி வேண்டும். அவர் @ குறியைத் தேர்ந்தார். வணிகர்கள் ‘இன்ன விலை வீதம்’ என்று கணக்கெழுதப் பயன்படுத்திவந்த குறி அது. டாம்லின்சன் அதை ‘இன்ன இடத்தில்’ என்னும் பொருளில் எடுத்துக்கொண்டார். அதன் வடிவைக் கண்ட இத்தாலியர் நத்தை என்றனர். டச்சுக்காரர் குரங்கு வால் என்றனர். உருசியர் ஏனோ நாய் என்றனர். நம் நாட்டிலோ பலர் இன்றும் ‘அட் த ரேட்’ என்றே படிக்கின்றனர். கடிதம் எழுதும்போதும் விலை பேசும் பழக்கம் நம்மை விடவில்லை போலும்!

இனி, முகவரி தொடங்கும் படலம். பெற்றோரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பெயர் கேட்கப்படும். அடுத்துக் குடும்பப் பெயர். இங்கேதான் தமிழர் திகைப்பர். நம்முள் பெரும்பாலோர்க்கு முன்னெழுத்து உண்டு, குடும்பப் பெயர் இல்லை. வேறு மாநிலத்தில் பயிலும் நீங்கள் பள்ளி வருகைப்பதிவேட்டிலேயே இத்தொல்லையை அறிந்திருப்பீர்கள். தந்தை பெயரை இட்டால், ‘அன்புள்ள சுப்பிரமணியன்’ என்று மகளுக்குக் கடிதம் வரும். அடுத்து, நீங்கள் விரும்பும் முகவரியை எவரோ முன்பே எடுத்திருப்பர். உடனே ‘சிங்கக்குட்டி’ என்று இறங்கிவிடாதீர்கள். நாளைக் கல்லூரி விண்ணப்பத்திலும் சிங்கக்குட்டியாகவே தோன்ற நேரும். கடவுச்சொல்லில் பிறந்தநாளும் செல்லப்பெயரும் வேண்டா. தோழர்கள் முதலில் ஊகிப்பவை அவையே.

இறுதியில் ஒரு கைப்பேசி எண் கேட்கப்படும். பலர் இதனை விரைந்து கடந்துவிடுவர். கடவுச்சொல் மறந்துபோனால், கணக்கை மீட்பதற்கான குறியீட்டெண் அவ்வெண்ணுக்கே வரும். பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஊர்தோறும் பெயர்பவர் உங்களுள் பலர். வீடு மாறும், பள்ளி மாறும், அஞ்சல் குறியீட்டெண்ணும் மாறும். மின்னஞ்சல் முகவரி மட்டும் மாறாது. @ குறிக்கு வலப்பக்கம் இருப்பது உங்கள் வீடன்று. உங்கள் கடிதங்களைக் காக்கும் நிறுவனத்தின் பெயர். எவ்வூர் சென்றாலும் கடிதங்கள் அந்நிறுவனத்தின் கணினியில் காத்திருக்கும். ஆனால், புதிய ஊரில் புதிய சிம் அட்டை வாங்கிப் பழையதை எறிந்துவிட்டால், குறியீட்டெண் பழைய எண்ணுக்கே செல்லும். காலப்போக்கில் அவ்வெண் வேறொருவர்க்கு வழங்கப்படவும் கூடும். தேர்வு நுழைவுச்சீட்டும் சேர்க்கைக் கடிதமும் உள்ளே இருக்க, நீங்கள் வெளியே நிற்பீர்கள். பழைய அட்டை இயங்கும்போதே புதிய எண்ணைப் பதிந்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ், எரிவாயு இணைப்பு என்று வீட்டில் எழுதும் பட்டியலில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கச் சொல்லுங்கள்.